வெப்ப இயக்கவியலில் இருமுறை தவறிய தம்பிக்கு

தம்பி, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த நீங்கள், இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் வெப்ப இயக்கவியல் தாளில் இருமுறை தவறியதால் படிப்பையே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம். சேலத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்துபவன் என்ற முறையிலும், மாணவப் பருவத்தில் இதே தாளில் தவறியவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

விடைகளை மனப்பாடம் செய்தும் கணக்கு வரவில்லை என்கிறீர்கள்; சிக்கல் அந்த மனப்பாடத்தில்தான் இருக்கிறது. எந்த அழுத்தத்தில் நீர் எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்பது போன்ற எண்களைத் தரும் நீராவி அட்டவணையை நான் எப்போதும் ஏற்காட்டிலிருந்தே தொடங்குவேன். கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில், காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அங்கே கூடுதல் நேரமாகிறது, குக்கரோ உள்ளழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை 110 டிகிரிக்கும் மேலே கொண்டுசெல்கிறது. அட்டவணையின் எண்கள் சொல்வதும் இந்த உறவைத்தான்.

இனி எந்தக் கணக்கானாலும், முதலில் அமைப்பின், அதாவது நாம் ஆராய எடுத்துக்கொண்ட பகுதியின், எல்லையை வரைந்து, அதைக் கடப்பது வெப்பமா, வேலையா, பொருளுமா என்பதைத் தமிழிலேயே எழுதிவிட்டுப் பிறகு சூத்திரத்தைத் தேடுங்கள். வாயுவின் அழுத்தம், கனஅளவு, வெப்பநிலை ஆகியவற்றை இணைக்கும் நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் கெல்வினுக்குப் பதிலாகச் செல்சியஸை இட்டு மதிப்பெண் இழந்த பல விடைத்தாள்களை நான் வருத்தத்தோடு திருத்தியிருக்கிறேன். ஆங்கிலக் கலைச்சொற்களை, பொருள் விளங்கிய பிறகு, நாளுக்கு ஐந்தாகப் பழகினால் போதும்.

உங்கள் ஆசிரியரிடம் பொதுவாகப் புரியவில்லை என்று சொல்லாமல், தவறிய கணக்கை எடுத்துச்சென்று எந்த வரியில் நின்றுவிட்டீர்கள் என்று காட்டுங்கள். அதே கணக்கை இங்கேயும் பதிவிடுங்கள். நான் வரிவரியாகப் பார்க்கிறேன்.