புரோட்டா பிசையற கை ஸ்கோனுக்கு ஆகாதுங்க

கேள்வி: குன்னூர் பேக்கரியில் உலர்திராட்சை போட்ட ஸ்கோன் என்கிற சின்ன பன் சாப்பிட்டதிலிருந்து பிள்ளைகள் வீட்டில் செய்யச் சொல்லி ஒரே நச்சரிப்பு. மாவை நன்றாக அடித்துப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவைத்து, டம்ளரால் வெட்டி ஓடிஜியில் (மின்சார பேக்கிங் அடுப்பு) வைத்தேன். பேக்கிங் பவுடர் தீர்ந்துபோனதால் அதே அளவு ஆப்ப சோடா போட்டேன். உப்பவே இல்லை. சோப்புத் தண்ணீர் மாதிரி கசப்பு வேறு. "இதைக் கடிச்சா பல்லு போயிரும் கண்ணு" என்கிறார் மாமியார். எங்கே தப்பு? நாட்டுச் சர்க்கரை போடலாமா? முட்டை இல்லாமல் வருமா?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மிணி, 'அடித்துப் பிசைந்து, ஊறவைத்து'ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, வினையே அங்கதான். புரோட்டாவுக்கும் சப்பாத்திக்கும் பழகின கை நம்முளது. மைதாவில் தண்ணி பட்டுப் பிசையப் பிசைய அதில் இருக்கற குளூட்டன்ங்கற பசைப்புரதம் இறுகும். புரோட்டா இழுபடறது அதனாலதான். அதே இறுக்கம் ஸ்கோனை உப்பவிடாது. மோரை ஊத்தினதும் கரண்டிக்காம்பால நாலு கிளறு, அப்புறம் கையால ஒண்ணு சேர்த்தாப் போதும். மேல சொரசொரன்னு வெடிப்பா இருந்தா, சரியாப் பண்ணியிருக்கீங்கன்னு அர்த்தம்.

ஊறவைக்கவும் கூடாது. சோடா ஈரம் பட்ட நிமிஷமே பொங்க ஆரம்பிச்சிரும். அரை மணி நேரம் கழிச்சு அடுப்பில் வைக்கறப்ப அதில் என்ன மிச்சம் இருக்கும்?

கசப்புக்கு வர்றேன். ஆப்ப சோடாவுக்குப் பேக்கிங் பவுடரைவிட மூணு மடங்குக்கு மேல வேகம். அதோட அதுக்குப் புளிப்பும் வேணும். வெறும் பாலை ஊத்தினா பாதி சோடா அப்படியே தங்கிரும். பேக்கிங் பவுடரில் புளிப்பும் உள்ளயே இருக்குது. 1843-ல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்டுங்கற மருந்துக்கடைக்காரர், ஈஸ்ட் ஒத்துக்காத சம்சாரத்துக்காகக் கண்டுபிடிச்சது அது. அந்தம்மாவுக்கு முட்டையும் ஆகாதாம், முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரும் அவர் கைவேலைதான். ஸ்கோனும் முட்டை இல்லாம தாராளமா வருமுங்க.

அளவு: மைதா 225 கிராம், வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை ரெண்டு டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, உலர்திராட்சை 50 கிராம். சோடான்னா அரை டீஸ்பூன், புளிச்ச தயிரைக் கடைஞ்ச கெட்டி மோர் 150 மில்லி. பேக்கிங் பவுடர்னா மூணு டீஸ்பூன், மோருக்குப் பதிலா அதே அளவு பால். பாலோ மோரோ, மொத்தத்தையும் ஒரேயடியாக் கொட்டாதீங்க. மாவைப் பொறுத்துக் கொஞ்சம் மிஞ்சும்.

நம்ம பக்கம் பெரிய தொல்லை வெண்ணெய்தான். அது 32, 35 டிகிரியில் உருகிரும். சித்திரை வெயிலில் சமையலறைச் சூடே அதுக்கு மேல. ஊத்துக்குளி வெண்ணெய் கிடைச்சா விசேஷம். தண்ணி இல்லாமப் பிழிஞ்சு, ஃப்ரீசரில் கல்லா உறைய வெச்சு, கேரட் துருவியில் மைதா மேலயே துருவிருங்க. விரல் நுனியால் மட்டும் தேய்க்கோணும், உள்ளங்கை பட்டாச் சூடேறும். புட்டு மாவு பதத்துக்கு வந்து, அங்கங்க பயறு அளவு வெண்ணெய் தெரியறப்பவே நிறுத்திக்கோங்க. அந்தத் துணுக்குதான் அடுப்புச் சூட்டில் உருகி, அதில் இருக்கற ஈரம் ஆவியாகி, ஸ்கோனை ஏடு ஏடாத் தூக்கும். காலையில் வெயில் ஏறறதுக்குள்ள செய்யறது உத்தமம்.

உலர்திராட்சையைச் சுடுதண்ணியில் பத்து நிமிஷம் போட்டெடுத்து, துணியில் ஈரம் ஒத்திருங்க. அப்படியே போட்டா மேல நிக்கறது கருகிப்போகும். பேரீச்சை, அத்திப்பழமும் நல்லாருக்கும். டூட்டி ஃப்ரூட்டி போட்டாச் சர்க்கரையைப் பாதியாக் குறைங்க. மாம்பழத்தையெல்லாம் நறுக்கிப் போடாதீங்க, தண்ணி விட்டு மாவு சொதசொதன்னு ஆயிரும்.

நாட்டுச் சர்க்கரை போடலாமுங்க. கவுந்தப்பாடி உங்களுக்குக் கூப்பிடு தூரம், பழனி பஞ்சாமிர்தத்துக்கே போற சர்க்கரையாச்சே! கட்டியில்லாமச் சலிச்சு, மோரில் ஒரு ஸ்பூன் குறைச்சுக்கோங்க. சீக்கிரம் சிவக்கும், அதனால பத்தாம் நிமிஷத்துல இருந்தே கண்ணு வெச்சுக்கோங்க.

மாவை ஒரு அங்குல கனத்துக்குத் தட்டுங்க. டம்ளரை விட்டிருங்க; எவர்சில்வர் டம்ளர் விளிம்பு மடிச்சு மழுங்கலா இருக்கும், ஓரத்தை அமுக்கி மூடிரும், மாவு மேல எழும்பாது. ஸ்காட்லாந்தில் அந்தக் காலத்தில் வட்டமாத் தட்டி, முக்கோணமா வெட்டித்தான் சுட்டாங்க. கூரான கத்தியால ஒரே அழுத்தா எட்டாப் போட்டிருங்க. பாலை மேல மட்டும் தடவுங்க, பக்கத்தில் வழிஞ்சா ஒட்டிக்கும். ஓடிஜி கால் மணி நேரம் முன்னாடியே 220 டிகிரியில் சூடாகியிருக்கோணும். நடுத்தட்டில் 12, 15 நிமிஷம்.

இங்கிலாந்தில் இதுக்குக் கிளாட்டட் கிரீமும் (பாலேடு மாதிரி கெட்டி கிரீம்) ஜாமும் வெச்சுக்குவாங்க. முதலில் கிரீமா ஜாமான்னு டெவன்காரருக்கும் கார்ன்வால்காரருக்கும் இன்னும் தீராத வழக்கு. நமக்கு எருமைப்பாலைச் சின்னத் தீயில் காய்ச்சி, ஆறவெச்சு எடுத்த கெட்டி ஏடு இருக்கறப்ப டப்பா கிரீம் எதுக்குங்க?

அன்னைக்கே தின்னு தீர்க்கோணும், மறுநாள் வறண்டுபோகும். பேக்கிங் பவுடர் போட்டதுன்னா வெட்டின துண்டுகளைச் சுடாமலே ஃப்ரீசரில் வெச்சுக்கலாம். திடீர்னு ஒரம்பரை வந்தா, உறைஞ்சபடியே அடுப்பில் தள்ளி மூணு நாலு நிமிஷம் கூடுதலா விடுங்க.