புண்ணில் ஏன் நுரைக்கிறது? – டீச்சரிடம் கேளுங்கள்

(ராயபுரத்தில் 30 ஆண்டுகள் உயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

டீச்சர், காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிற வேலை செய்கிறேன். கையில் அடிக்கடி கத்தி பட்டுவிடும். மெடிக்கலில் வாங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் வெள்ளையாக நுரைக்கிறது. நுரைத்தால் கிருமி சாகிறது என்கிறார்கள். தினமும் ஊற்றலாமா?
– வாசகி, காசிமேடு

தினமும் ஊற்ற வேண்டாம்மா. நுரைப்பதைப் பார்த்துக் கிருமி சாகிறது என்று சொல்ல முடியாது. நம் ரத்தத்திலும் சதையிலும் கேட்டலேஸ் என்ற என்சைம் இருக்கிறது. அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. அந்த ஆக்சிஜன்தான் குமிழாக வருகிறது. வகுப்பில் இதைக் காட்ட வருடாவருடம் கறிக்கடையில் நூறு கிராம் ஆட்டு ஈரல் வாங்கிப் போவேன். ஈரல் துண்டின் மேல் சில சொட்டு விட்டதும் டம்ளர் நிரம்பி நுரை வழியும். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட எழுந்து முன்னால் வந்து பார்ப்பார்கள்.

அந்த மருந்து கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் புண்ணை மூட வருகிற புதுத் தோல் செல்களையும் சேர்த்தே பொசுக்கிவிடும். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் கட்டுங்கள். மீன் முள் ஆழமாக ஏறினாலோ, வீங்கிச் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். டெட்டனஸுக்கான டிடி ஊசி எப்போது போட்டது என்று யோசித்து வையுங்கள்.

நீங்கள் பாட்டிலில் வாங்குகிற இதே பெராக்சைடை உங்கள் உடம்பே புண்ணின் ஓரத்தில் தயாரிக்கிறது. கொளத்தூர் கலர் மீன் கடைகளில் உடம்பு முழுக்க நீலக் கோடு போட்ட சின்ன ஜீப்ரா மீனைப் பார்த்திருப்பீர்கள். அதன் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே நடப்பதை மைக்ரோஸ்கோப்பில் அப்படியே பார்க்கலாம். 2009இல் விஞ்ஞானிகள் அந்தக் குஞ்சின் வால் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டுக் கவனித்தார்கள். சில நிமிடங்களிலேயே வெட்டுப்பட்ட ஓரத்தில் பெராக்சைடு ஊறியது. விளிம்பில் அதிகமாகவும் உள்ளே போகப்போகக் குறைவாகவும் பரவியது. கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளணுக்கள் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். பெராக்சைடு உண்டாகாமல் தடுத்தபோது வெள்ளணுக்கள் சரியாக வந்து சேரவில்லை. ‘இங்கே அடிபட்டிருக்கிறது, வாருங்கள்’ என்று உடம்பு அனுப்பிய சேதியே அதுதான். பாட்டிலில் இருப்பது அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு அடர்த்தியானது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட யாரும் ஸ்பீக்கர் கட்டி அலற மாட்டார்கள் அல்லவா?

என் மகனுக்கு 19 வயது. வியாசர்பாடியில் தினமும் காலையில் ஃபுட்பால் பயிற்சி எடுக்கிறான். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. “உடம்பில் ஃப்ரீ ரேடிக்கல்ஸ் சேர்ந்தால் இரும்பு துரு பிடிக்கிற மாதிரி உள்ளே துருப்பிடிக்கும்” என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லி, இருவருக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்க வைத்துவிட்டார். மாதம் 900 ரூபாய் ஆகிறது. தொடரலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

அந்த 900 ரூபாய்க்கு வீட்டில் பழமும் கீரையும் மீனும் வாங்குங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துருக் கதையை நானும் பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கடல் காற்றில் ராயபுரத்து ஜன்னல் கம்பிகள் இரண்டே மழைக்காலத்தில் பொரிந்து உதிர்வதைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு அது சட்டென்று புரியும். ஃப்ரீ ரேடிக்கல் என்பது பக்கத்தில் இருப்பதைச் சட்டென்று தாக்குகிற துடிப்பான துகள்; அதை அடக்குவது ஆன்டிஆக்சிடன்ட். 1956இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் ஃப்ரீ ரேடிக்கல்களால்தான் முதுமை வருகிறது என்று எழுதினார். 1969இல் மெக்கார்ட், ஃப்ரிடோவிச் என்ற இருவர் சூப்பர் ஆக்சைடு என்ற ஃப்ரீ ரேடிக்கலை ஒழிக்கவே நம் செல்களில் ஓர் என்சைம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒழிக்க ஏற்பாடு இருந்தால் அது விஷமாகத்தானே இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. அது பாதி உண்மைதான்.

நாம் இழுக்கிற ஆக்சிஜனில் பெரும்பகுதி செல்லுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவில் தண்ணீராகிவிடுகிறது. ஒரு சிறு பகுதி சூப்பர் ஆக்சைடு, பெராக்சைடு என்று துடிப்பான வடிவங்களாகக் கசிகிறது. இவற்றுக்கு மொத்தமாக ஆர்.ஓ.எஸ் (ரியாக்டிவ் ஆக்சிஜன் ஸ்பீஷீஸ்) என்று பெயர். தானாகக் கசிவது போதாதென்று, வேண்டுமென்றே இதைத் தயாரிக்கிற என்சைம்களும் நமக்கு உண்டு. வெள்ளணுக்களில் கிருமியைக் கொல்ல இதைத் தயாரிக்கிற அந்த என்சைம் பழுதாகிப் பிறக்கிற குழந்தைகள் ஓயாமல் கிருமித் தொற்றில் அவதிப்படுகிறார்கள். ஆர்.ஓ.எஸ் சுத்தமாக இல்லாவிட்டால் நமக்கு அந்தக் கதிதான்.

உங்கள் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். இன்சுலின் வந்து செல்லின் வாசலில் உட்கார்ந்ததும், ‘சர்க்கரையை உள்ளே எடு’ என்ற உத்தரவு உள்ளே ஓட வேண்டும். அந்த உத்தரவை நிறுத்துவதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள், கேட்டை இறக்குகிற ஆள்தான் அந்தப் புரதம். இன்சுலின் வந்த இடத்தில் ஒரு துளி பெராக்சைடு உண்டாகி, அந்தப் புரதத்தில் உள்ள ஒரு கந்தக அணுவைப் பிடித்து, அதைக் கொஞ்ச நேரம் செயலிழக்கச் செய்கிறது. கேட் திறந்திருக்கிற நேரத்தில் உத்தரவு போய்ச் சேர்ந்துவிடுகிறது. அப்புறம் செல்லே அந்தக் கந்தகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். கேட் மறுபடி இறங்கும்.

ரத்தத்தில் எப்போதும் சர்க்கரையும் கொழுப்பும் தேங்கியிருந்தால் கதை மாறுகிறது. மைட்டோகாண்ட்ரியா ஓயாமல் கசியும். செல் அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு வேறு எச்சரிக்கைகளைத் தூண்டிவிடும், அவை இன்சுலினின் உத்தரவையே மறித்துவிடும். கண்ணிலும் சிறுநீரகத்திலும் நரம்பிலும் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடுவதில் இதற்கும் பங்கு உண்டு. ஆக, பொருள் ஒன்றுதான். எங்கே, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதில்தான் நல்லதும் கெட்டதும் இருக்கிறது. மாத்திரைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் மகனுக்கு இன்னும் நேரடியான பதில் இருக்கிறது. 2009இல் ஜெர்மனியில் ஆரோக்கியமான இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, அதோடு வைட்டமின் ஈ; இரண்டுமே ஆன்டிஆக்சிடன்ட்தான். மீதிப் பேருக்கு வைட்டமின் கொடுக்கவில்லை. பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது, ஆனால் வைட்டமின் எடுக்காதவர்களுக்கு மட்டும்! அவர்கள் உடம்பின் சொந்தப் பாதுகாப்பு என்சைம்களும் கூடியிருந்தன. ஓடும்போது தசையில் உண்டாகிற ஆர்.ஓ.எஸ்தான் ‘இன்னும் பலமாகு’ என்று தசைக்குச் சொல்கிறது. பையன் விடியற்காலையில் எழுந்து வியர்க்க வியர்க்க ஓடிச் சம்பாதித்ததை மாத்திரை போட்டு ஏன் அழிக்க வேண்டும்?

இருபது வருடமாக பீடி பிடிக்கிறேன். விட முடியவில்லை. கேரட் சத்து மாத்திரை போட்டால் நுரையீரலுக்குக் காவலா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

ஐயா, தயவுசெய்து போடாதீர்கள். பின்லாந்தில் புகைபிடிக்கிற 29,133 ஆண்களை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 1994இல் வந்தது. கேரட்டில் இருக்கிற ஆன்டிஆக்சிடன்டான பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வை இதே காரணத்துக்காக 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். பொரியலில் போடுகிற கேரட்டால் பயமில்லை, மாத்திரையில் அடைத்த அளவுதான் பிரச்சினை. பீடியை நிறுத்துவதற்கு அரசு மருத்துவமனையில் உதவி கேளுங்கள். ஒரு முறை தோற்றால் மறுபடி போங்கள்.

மகனுக்கு மலேரியா வந்து குணமானது. 14 நாள் மாத்திரை கொடுக்கும் முன் ‘ஜி6பிடி’ டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். குறைவு என்று வந்ததால் அந்த மாத்திரையை அப்படியே கொடுக்க முடியாது என்கிறார்கள். இது என்ன வியாதி?
– வாசகர், எர்ணாவூர்

பயப்பட வேண்டாம், இது பிறவியிலேயே வருகிற ஒரு குறை. பெரும்பாலும் பையன்களுக்குத்தான் வெளியே தெரியும், அம்மா வழியாக வருவது. சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. பெராக்சைடைச் சமாளிக்க அதற்கு இருக்கிற பலமே ஜி6பிடி என்ற என்சைமிலிருந்துதான் வருகிறது. அது குறைவாக இருக்கும்போது ப்ரைமாகுயின் (நீங்கள் சொன்ன 14 நாள் மாத்திரை) மாதிரி மருந்து போய்ச் சேர்ந்தால் ஆர்.ஓ.எஸ் பெருகி, சிவப்பணுக்கள் உடையும். கண் மஞ்சளாகும், சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். அப்படி நடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மருந்தை எந்த அளவில், எப்படிக் கொடுப்பது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். இதே குறைதான் மலேரியாக் கிருமியையும் அந்த அணுவுக்குள் நன்றாக வளரவிடாமல் ஓரளவு தடுக்கிறது. மலேரியா அதிகமாக இருந்த நாடுகளில் இந்தக் குறை நிலைத்ததற்கு அதுவே காரணம் என்கிறார்கள்.

என் தங்கை மகனுக்கும் இது உண்டு. பிறந்த பத்தாம் நாள், பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த பழைய கம்பளியில் சுற்றிப் படுக்க வைத்தோம். இரண்டு நாளில் பிள்ளை மஞ்சளாகிவிட்டது. உருண்டையில் இருக்கிற நாப்தலீன் செய்த வேலை அது. ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். இப்போது அவனுக்கு 24 வயது. பர்ஸில் ‘ஜி6பிடி குறைவு’ என்று எழுதி லேமினேட் செய்த ஒரு சீட்டு வைத்திருக்கிறான். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுவான். உங்கள் மகனுக்கும் இன்றைக்கே ஒன்று எழுதிக் கொடுங்கள். வீட்டில் பாச்சை உருண்டை இருந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள்.