கோப்பையில் காப்பி ஏறுவது எப்படி?

கே: மகனோடு சேர்ந்து ஆங்கில நகைச்சுவைத் தொடர்கள் பார்க்கிறேன். ஒருவர் பேசும்போது பாதியாக இருந்த காப்பி, எதிரில் இருப்பவர் பதில் சொல்வதற்குள் நிறைந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுச் சேச்சிகூடக் கண்டுபிடித்துச் சிரிக்கும் பிழை, எடுத்தவர்கள் கண்ணில் படாமலா போகும்?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

ப: படும்; பட்டும் விட்டுவிடுவார்கள். 1951-இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’, பார்வையாளர்களை உட்காரவைத்து, அவர்கள் எதிரிலேயே மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுக்கப்பட்ட தொடர். பின்னால் வந்த அமெரிக்க நகைச்சுவைத் தொடர்கள் பலவும் அந்த வழியில் நடந்தன. ஒரே நடிப்பைப் பல கோணங்களில் பிடித்தால் காப்பியின் அளவு மாறக் கூடாதே என்பீர்கள். ஆனால் ஒரு காட்சியை இரண்டு மூன்று முறை நடிப்பார்கள். சிரிப்பு எழாத வசனத்தை அங்கேயே மாற்றி எழுதி மறுபடியும் நடிப்பார்கள். எடிட்டர் முதல் டேக்கிலிருந்து கேள்வியையும் மூன்றாவது டேக்கிலிருந்து பதிலையும் எடுத்து ஒட்டும்போது, இடையில் உதவியாளர் நிரப்பிவைத்த காப்பியும் கூடவே வந்துவிடுகிறது. நல்ல சிரிப்பா, சரியான காப்பியா என்று வந்தால் அவர் சிரிப்பைத்தான் எடுப்பார். நானாக இருந்தாலும் அதையே செய்வேன்.

கொல்லங்கோட்டில் ஒரு பழைய வீட்டில் மலையாளத் தொடர் ஒன்றின் படப்பிடிப்பை வேடிக்கை பார்த்திருக்கிறேன். காலைச் சிற்றுண்டிக் காட்சி. ஷாட் முடிந்ததும், கன்டின்யூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் பொருள்கள் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்க்கும் உதவி இயக்குநர் ஒவ்வொரு தட்டையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். மதிய இடைவேளை முடிந்து வந்து பார்த்தால், தாத்தா வேடக்காரர் தட்டில் இருந்த ஒன்றரை இட்லியைக் காணவில்லை. யார் தின்றது என்ற விசாரணைக்கு நேரமில்லாததால், உதவி இயக்குநர் புதிதாக இரண்டு இட்லி வரவழைத்து, செல்போன் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒன்றைப் பாதியாகப் பிட்டுவைத்தார். சட்னி மட்டும் காலையில் வெள்ளை, மாலையில் சிவப்பு.

நீங்களும் பிடிக்க வேண்டுமானால், பேசுகிறவர் முகத்தை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருப்பவர் கையைப் பாருங்கள். கோணம் எதிர்ப்பக்கம் திரும்பும் நொடியில்தான் கோப்பையும், தோளில் விழுந்த கூந்தலும், சட்டைக் காலரும் இடம் மாறும்.

கதையிலேயே நேரும் பிழைகள் வேறு வகை. பல ஆண்டுகள் பல பேர் எழுதினால் முன்னவர் சொன்னது பின்னவருக்கு மறந்துபோகும். 1994 முதல் 2004 வரை ஓடிய ‘ஃபிரெண்ட்ஸ்’ தொடரின் ராஸுக்கு மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று சீசன்களிலும் வயது 29. ‘ஹேப்பி டேஸ்’ குடும்பத்தின் மூத்த மகன் சக், இரண்டாம் சீசனுக்குப் பின் தலைகாட்டவே இல்லை. 1984-இல் வந்த கடைசிக் கதையில் தந்தை, தமக்குப் பிள்ளைகள் இரண்டே என்பதுபோலப் பேசுகிறார். எனக்குப் பிடித்தது ஃபிரேசியர் என்ற கதாபாத்திரத்தின் கதை. ‘சியர்ஸ்’ தொடரில் தன் தந்தை இறந்துவிட்டதாகச் சொன்னவர் அவர். 1993-இல் அவர் பெயரிலேயே தொடங்கிய தொடரில், தந்தை ஓய்வுபெற்ற போலீஸ்காரராக வந்து அவர் வீட்டிலேயே குடியேறுகிறார். பழைய நண்பர் சாம் வந்து இதைக் கேட்டபோது, அப்பாவோடு சண்டை, கோபத்தில் அப்படிச் சொன்னேன் என்று ஃபிரேசியர் சமாளிக்கிறார். ஓட்டையும் அடைபட்டது, சிரிப்பும் கிடைத்தது.

கே: நம் தொடர்களில் ‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்று போடுகிறார்களே, அதுவும் இந்தக் கணக்கில் வருமா?
– வாசகர், குப்பம்

ப: வராது. அவர்கள்தாம் எழுதியே காட்டிவிடுகிறார்களே! ஆனால் புதியவர் வந்த பிறகும் சுவரில் பழையவரின் கல்யாணப் படம் தொங்கினால், தாராளமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.