கோலை எதுக்கு சாரே எடுத்தீரு?

கேள்வி: டல்லாஸில் படிக்கும் என் பேரன் பள்ளி அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறான். போன வாரம் பந்தோடு ஓடியவன், எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு ஐந்து கெஜம் இருக்கும்போது துரத்தி வந்தவனைத் திரும்பிப் பார்த்துப் பந்தை ஆட்டிக் காட்டினானாம். அப்புறம் கோட்டைத் தாண்டியும், அதற்குக் கிடைக்கும் டச் டவுனையே ரத்து செய்துவிட்டார்கள். ஆறு புள்ளி போச்சு. இதற்குப் போய் இவ்வளவு தண்டனையா?
– ஒரு பாட்டி, மார்த்தாண்டம்

பதில்: விதிப்படி நடுவர் செய்தது சரிதான் அம்மா. டெக்சாஸ் பள்ளிகள் கல்லூரி ஆட்ட விதிகளைத்தான் பின்பற்றுகின்றன. கோட்டைத் தொடும் முன்பே எதிராளியைக் கேலி செய்தால் டச் டவுன் கிடையாது, கேலி செய்த இடத்திலிருந்து 15 கெஜம் பின்னால் போக வேண்டும் என்று 2011-இல் அங்கே விதி வந்தது. கோட்டைத் தாண்டிய பிறகு ஆட்டிக் காட்டியிருந்தால் ஆறு புள்ளி நிலைத்திருக்கும், 15 கெஜத்தை அடுத்து வரும் உதையில் கழித்திருப்பார்கள். பேரன் ஐந்து கெஜம் பொறுத்திருக்கலாம்!

ஆனால் நியாயமா என்று கேட்டால் எனக்கு மனசு ஒப்பவில்லை. முப்பது வருடத்துக்கு முன் தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் திருவிழாப் போட்டி, நம் ஊர்க் கால்பந்து. நான்தான் நடுவர். ஒரு பயல் கோலியையும் ஏமாற்றிவிட்டு, கோல் கோட்டில் பந்தை நிறுத்தி, மணலில் முட்டி போட்டு, தலையால் மெல்ல உருட்டி உள்ளே விட்டான். எனக்கு வந்த கோபத்தில் கோலையே ரத்து செய்துவிட்டேன். மஞ்சள் அட்டை காட்டிவிட்டுக் கோலைக் கொடுத்திருக்க வேண்டும், அதுதான் விதி. ஆட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் கட்டன்சாயா வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “பயலை வெளியே இருத்தும் சாரே. கோலை எதுக்கு எடுத்தீரு? நாலு பேரு கால் மாறி வந்த பந்துல்லா?”

தப்பு ஆட்டத்தையே மாற்றினால் புள்ளியில் கை வைக்கலாம். அதே டல்லாஸில், 1954-இல் காட்டன் பௌல் என்ற கல்லூரி ஆட்டத்தில், அலபாமா அணியின் டாமி லூயிஸ் வெளியே பெஞ்சில் இருந்தவர் திடீரென உள்ளே பாய்ந்து, பந்தோடு ஓடிய ரைஸ் அணிக்காரரைக் கீழே தள்ளினார். ஓடியவர் கோட்டைத் தொடாமலே நடுவர் டச் டவுன் கொடுத்தார். உங்கள் பேரன் பந்தை ஆட்டியதால் யார் தடுக்கப்பட்டார்கள்?

இன்னொரு கூத்து, விசில் ஊதிய பிறகு ஒருவனை இடித்துத் தள்ளினாலும் பெரும்பாலும் அதே 15 கெஜம்தான். ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை கேலி, வசவு என்று சிக்கினால் ஆளை வெளியே அனுப்புவார்கள். அப்போதும் மாற்று ஆள் வந்துவிடுவான், நம் ஆட்டத்தில் சிவப்பு அட்டை விழுந்தது போலப் பத்துப் பேராக ஆட வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், வாய்க்கொழுப்புக்கு முதல் தடவையே ஆளை 12 நிமிடம், அதாவது ஆட்டத்தில் நாலில் ஒரு பகுதி, பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். இடித்தவனை அப்போதே வெளியே அனுப்ப வேண்டும்.

சரி, பேரனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவன் ஓடுவதற்காக எதிராளிகளை முட்டித் தடுத்து வழி விட்ட பையன்கள் இப்போது அவனோடு பேசுகிறார்களா?