நாய், பூனைக்கு இன்சூரன்ஸ் எடுத்தால் முழு பில்லும் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. பெரும்பாலான பாலிசிகளில் ஒரு தொகையை முதலில் நீங்கள் ஏற்க வேண்டும். இதுதான் டிடக்டிபிள். மீதியில் 70 முதல் 90 சதவீதம்வரை கம்பெனி தரும், அதுவும் உச்சவரம்புக்குள்தான். பில் 1,000, டிடக்டிபிள் 200, கம்பெனியின் பங்கு 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200-ஐக் கழித்துவிட்டுச் சதவீதம் போட்டால் கைக்கு 640 வரும்; சதவீதம் போட்டபின் கழித்தால் 600தான். டிடக்டிபிள் வருடத்துக்கு ஒருமுறையா, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியா என்பதையும் கேளுங்கள். நோய்வாரியாக என்றால், காதுப் புண், வயிற்றுப்போக்கு மாதிரி சின்னச் செலவுகளுக்குப் பெரும்பாலும் எதுவும் வராது.

ப்ரீமியத்தை ஒப்பிடுவதைவிட, உச்சவரம்பு எந்த வகை என்று பார்ப்பது முக்கியம். சர்க்கரை நோய் வந்த பூனைக்குப் பெரும்பாலும் நீண்டகாலம் இன்சுலின் தேவைப்படும். 12 மாதக் கெடு வைத்த பாலிசி, கெடு முடிந்ததும் அந்த நோய்க்குத் தருவதை நிறுத்திவிடும். நோய்வாரி வரம்பும் ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். வருடாவருடம் புதிதாகும் வரம்பு உள்ள பாலிசிதான் நாள்பட்ட நோய்க்குக் கைகொடுக்கும், இடைவெளி விடாமல் புதுப்பித்தால் மட்டும். புதுப்பிக்கத் தவறினாலோ கம்பெனி மாறினாலோ அதே சர்க்கரை நோய் 'ஏற்கெனவே இருந்த நோய்' ஆகிவிடும்; அதற்குப் பணம் வராது. மலிவாகக் கிடைக்கிறதே என்று நோயுள்ள பிராணியின் பாலிசியை மாற்றிவிடாதீர்கள்.

அந்த 'ஏற்கெனவே இருந்த நோய்' என்பதற்கு நோயின் பெயர் உறுதியாகியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. "பின்னங்காலைத் தாங்கி நடக்கிறது" என்று டாக்டர் என்றோ எழுதியிருந்தால், பிறகு வரும் முழங்கால் தசைநார் அறுவைசிகிச்சைக்கான கோரிக்கை தள்ளுபடியாகலாம். இடது காலில் இருந்த பிரச்சினையைக் காட்டி வலது காலுக்கும் மறுக்கும் விதி பல பாலிசிகளில் உண்டு. பாலிசி எடுத்தும் பணம் கேட்க முடியாத காத்திருப்புக் காலத்தில் தெரியும் அறிகுறியும் இதே கணக்கில்தான் சேரும். இந்தக் காலம் நோய்க்குப் பெரும்பாலும் 14 நாள். விபத்துக்கு இன்னும் குறைவு. முழங்கால் தசைநாருக்குச் சில இடங்களில் 6 மாதம். அதனால் குட்டியாக, ஆரோக்கியமாக இருக்கும்போதே எடுப்பதுதான் நல்லது.

தடுப்பூசி, கருத்தடை, பூச்சிமருந்து, பிரசவம் ஆகியவை சாதாரண பாலிசியில் வராது. விபத்தில் பல் உடைந்தால் பொதுவாகத் தருவார்கள். பல் சுத்தம் செய்யும் செலவுக்குத் தர மாட்டார்கள். தடுப்பூசியைத் தவறவிட்டு பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

பெரும்பாலும் நீங்கள் பணம் கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்க வேண்டியிருக்கும். வகைவாரியான பில், டாக்டரின் குறிப்பு இரண்டையும் அன்றே வாங்கிவிடுங்கள்; கோரிக்கை அனுப்பக் கெடு உண்டு. அவசரமில்லாத அறுவைசிகிச்சை என்றால் முன்கூட்டியே ஒப்புதல் கேளுங்கள். பாலிசி எடுத்த உடனே பழைய மருத்துவக் குறிப்புகளை அனுப்பி, எதையெல்லாம் விலக்குகிறீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் சரியில்லை என்றால், தொடக்கத்தில் ரத்துசெய்யத் தரும் அவகாசத்துக்குள் விலகிக்கொள்ளலாம்.