பஸ்கா வாரத்தில் எந்த மட்சா நல்லது?

கேள்வி: இஸ்ரேலின் ஹைஃபாவில் 79 வயது யூதப் பாட்டி ஒருவரை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்கிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். யூதர்களின் பஸ்கா பண்டிகை வாரம் முழுக்க ரொட்டி கிடையாது, புளிக்காத அப்பமான மட்சாதான். போன வருடம் சர்க்கரையும் ஏறியது, மலச்சிக்கலும் வந்தது. கடையில் பல வகை இருக்கிறதே, எதை வாங்குவது டாக்டர்?

பதில்: முழுக்கோதுமை மட்சாவை வாங்குங்கள் சகோதரி. ஆனால் அளவில் கண்டிப்பாக இருக்க வேண்டும். மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டெடுக்கும் இந்த அப்பம் மெலிதாக இருப்பதால் லேசான சாப்பாடு என்று தோன்றும். அப்படி இல்லை. மெஷினில் செய்த சதுர மட்சா ஒன்றிலேயே சுமார் 25 கிராம் மாவுச்சத்து, கிட்டத்தட்ட இரண்டு ரொட்டித் துண்டுகளுக்குச் சமம். நார்ச்சத்தோ ஒரு கிராம் அளவுதான். முழுக்கோதுமையில் மூன்று, நான்கு கிராம் கிடைக்கும். கையால் செய்யும் வட்டமான ஷ்முரா மட்சா இன்னும் பெரியது. அதனால் எண்ணிக் கொடுக்காமல் எடை பார்த்துக் கொடுங்கள்.

முட்டை மட்சா மென்மையானது. அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி யூதர்) வழக்கத்தில் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதை அனுமதிப்பார்கள். ஆனால் பெரும்பாலும் பழச்சாறு சேர்ப்பதால் இவருக்கு வேண்டாம். பஸ்கா தொடங்கும் இரவின் சடங்கு விருந்தான செதேரில் மட்சா சாப்பிட வேண்டிய கடமைக்கும் அது செல்லாது. ஓட்ஸ் மட்சா கோதுமைப் புரதமான குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கு. மெல்வதற்குச் சிரமப்பட்டால் சாதாரண மட்சாவைத் தண்ணீரில் நனைத்துத் தரலாமா என்று வீட்டாரிடம் கேளுங்கள். முதியவர்களுக்கு மத விதியே அதற்கு இடம் தருகிறது.

மட்சாவைவிட எனக்குக் கவலை தருவது செதேர் இரவுதான். ஹகதா என்ற பஸ்கா கதை நூலை வாசித்த பிறகுதான் சாப்பாடு வரும். அதற்குள் வெறும் வயிற்றில் ஒயின். கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்கு இதில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். அன்றைய மாத்திரை நேரத்தை அவருடைய மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துவிடுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். மாலையில் அவித்த உருளைக்கிழங்கும் முட்டையும் கொடுங்கள். மேஜையில் உட்காரும் முன் சர்க்கரையைப் பாருங்கள். வியர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு இருந்தாலோ அளவு 70-க்கு (mg/dL) கீழே போனாலோ, உடனே அரை கிளாஸ் திராட்சைச் சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸ் எண் 101-ஐ அழையுங்கள். உயிர் காக்க எந்தப் பண்டிகை விதியையும் மீறலாம் என்பது யூத மரபே சொல்வது, தயங்க வேண்டாம்.

மலச்சிக்கலுக்குக் காரணம் மட்சா மட்டுமல்ல. ஓட்ஸ் கஞ்சியும் முழுதானிய ரொட்டியும் அந்த வாரம் நின்றுவிடுகின்றன. அஷ்கெனாசி வீடென்றால் பருப்பு வகைகளும் கிடையாது. வேகவைத்த காய்கறியை ஒவ்வொரு வேளையும் தட்டில் பாதிக்கு வையுங்கள். தினம் இரண்டு மூன்று உலர்ந்த பிளம்ஸ், சற்று நடை. இதய, சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் தண்ணீரையும் கூட்டுங்கள். வயிறு உப்பி வாந்தியும் வந்தால் வீட்டு வைத்தியம் செய்யாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.