எதிர்வீட்டுப் பாத்திரம்

கேள்வி: மாற்றலாகி நாகர்கோவில் கோட்டாறு பக்கம் குடிவருகிறோம். பல சமயத்தவர் கலந்து வாழும் பகுதியாமே, பழகுவது எளிதா? – வாசகி, சேலம்

பதில்: டிசம்பர் 3 சவேரியார் பேராலயத் திருவிழா, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அந்த வாரம் சாமான் வண்டியோடு வந்துவிடாதீர்கள். நான் பட்டவன்!

பக்கத்தில்தான் இடலாக்குடி, 1874-இல் சதாவதானி (ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் செலுத்துபவர்) செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த ஊர். சீறாப்புராணத்துக்கு உரை எழுதிய அவரே, வள்ளலாரின் அருட்பாவுக்காகவும் மேடையேறி வாதாடினார்.

எங்கள் தெருவில் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் அதே முந்திரிக்கொத்துப் பலகாரம்தான். 'எங்க போறிய?' என்று வழிமறிப்பார்கள். அது விசாரணையல்ல, வணக்கம். பெருநாளன்று எதிர்வீட்டு உம்மா பிரியாணி கொடுத்தனுப்புவார். பாத்திரத்தை மட்டும் வெறுமனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அம்மா.